புளியமரத்தடிப் பருத்திப்பால்

எங்கள் கடைக்குப் பலகை எழுதி மாட்டிய அன்றே எனக்கு அது ஒப்பவில்லை. ‘பருத்திப்பால் கடை’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அதன் கீழே ‘நிகரற்றது’ என்று என் வீட்டுக்காரர் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார். நிகரில்லை என்று ஒரு மனுஷன் தானே எழுதி மாட்டிக்கொண்டுவிட்டால், அதற்கப்புறம் அவனுக்குச் செய்ய என்ன வேலை இருக்கிறது?

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது இது. மேற்கே மானாவாரிக் காட்டைக் கொழுந்தன்மார் கையில் விட்டுவிட்டு, மதுரைக்கு வந்து காளவாசல் பாதையில் ஓலைக் கொட்டகை போட்டிருந்தோம். மேற்கத்தி ஊர்களிலிருந்து பருத்திப் பொதியும் காய்கறியும் ஏற்றிய வண்டிகள் விடியுமுன்னே அந்தப் பாதையில்தான் வரும். பனியில் நடுங்கிக்கொண்டு வருகிற வண்டிக்காரர்களுக்கும், செங்கல் சூளைக்குப் போகிறவர்களுக்கும் சுடச்சுடப் பருத்திப்பால் ஊற்றினோம். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் பிழிந்து, ஒரு கை அரிசிமாவு கரைத்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, தேங்காய்ப் பல்லைத் தூவி இறக்கவேண்டும். நான் ஆட்டுவேன், அவர் துணியில் கட்டிப் பிழிவார். அவர் பிழிகிற பிழியில் சக்கை காய்ந்த மண் மாதிரி உதிரும்.

பேர் பரவிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் தல்லாகுளத்துக் கச்சேரிக் குமாஸ்தாக்கள்கூடத் தூக்குவாளி கொடுத்தனுப்பினார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஓலைக் கொட்டகை ஓட்டுக் கட்டிடமாயிற்று. ஆட்டுவதற்குக் கூலி ஆள் வந்தான். என்னை ‘நீ வீட்ல இரு, மொதலாளி பொஞ்சாதி கடையில நிக்கக்கூடாது’ என்று வீட்டுக்கு அனுப்பினார். கை வைத்த நாற்காலி ஒன்று வந்தது. அவர் அதில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வியாபாரத்தில் முன்னுக்கு வருவது எப்படி என்று பேச ஆரம்பித்தார். விடிந்து வெயில் முகத்தில் அடித்தபின்தான் பாயிலிருந்தே எழுவார்.

ஒருநாள் கடைப்பக்கம் போனபோது கழுவப்போட்ட லோட்டாக்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அரை லோட்டா மிச்சம். ஒரு விரல் தொட்டு நக்கினேன். மாவுக் கஞ்சி! கருப்பட்டி இருக்கவேண்டிய இடத்தில் மண்டைவெல்லம். சுக்கு அந்தத் தெரு வழியாகப் போயிருந்தாலும் போயிருக்கலாம்.

“ஏங்க, ஆளுக அரை லோட்டாவோட எந்திரிச்சுப் போறாகளே?” என்றேன்.

“வயிறு நெறஞ்சிருக்கும்.”

“மாவு ரொம்பத் தூக்கலா இருக்கு.”

“கெட்டியா இருந்தாத்தான்டி சனங்களுக்குப் புடிக்கும். நீ ஏன் கெடந்து பொலம்புற? பேரு இருக்கு. இனிமே பேரே கடைய ஓட்டிப்புடும்.”

பேரைக் கொதிக்க வைத்து லோட்டாவில் ஊற்ற முடியுமா என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் வேறு யோசனை வந்துவிட்டது.

எங்கள் அடுத்த தெருவில் ஒரு அக்கா இருந்தாள். கீரைக்கூடை சுமந்து விற்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து நாய்கூட அந்த வீட்டு வாசலில் படுக்காது. என் வீட்டுக்காரர் கீரைக்காரியின் முகத்தையெல்லாம் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? “அக்கா, நான் ஆட்டித் தாரேன், நீ விக்கிறியா?” என்றேன்.

“எங்க?”

“எங்க கடைக்கு எதுத்தாப்ல, புளியமரத்தடியில.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, “ஆத்தாடி! எப்பத்தா ஆரம்பிக்கிறது?” என்றாள்.

அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து அந்த அக்கா வீட்டுக்குப் போவேன். பழைய பக்குவத்தில் ஒரு பானை இறக்கிக் கொடுத்துவிட்டு, அவர் கண்ணைக் கசக்குமுன் ஒன்றும் தெரியாதவளாய் வாசல் தெளித்துக்கொண்டிருப்பேன். அவர் விழித்ததும் காபிக்குப் பதிலாகத் தம் பெருமையைத்தான் முதலில் குடிப்பார்.

புளியமரத்தடியில் ஒரு பொம்பளை பானையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலில் சிரித்தாராம். “பாவம், பொழச்சுப் போகட்டும்” என்று வீட்டில் வந்து தர்மப்பிரபு மாதிரி சொன்னார். கொஞ்ச நாளில் வண்டிகள் எங்கள் கடையைத் தாண்டிப் போய் மரத்தடியில் நின்றன. பிறகு தல்லாகுளத்துத் தூக்குவாளிகளும் எதிர்ப்பக்கம் போயின. சிரிப்பு நின்றது. சோறு குறைந்தது.

ஒரு மத்தியானம் ஒரு செம்பை மூடிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். “இத கொஞ்சம் குடிச்சுப் பாரு. அந்தப் பொம்பள கிட்ட ஆள விட்டு வாங்கியாந்தேன். என்ன போடுறான்னு கண்டுபுடிச்சுச் சொல்லு.”

காலையில் நானே இறக்கிய பால்! என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு மடக்கு வாயில் வைத்துக் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தேன். “சுக்கு இருக்கு. கருப்பட்டி நல்ல கருப்பட்டி. ஆட்டுனவ கை சாமானியக் கை இல்லைங்க” என்றேன்.

“அதத்தான் நானும் நெனச்சேன்” என்றார் பரிதாபமாக. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுக்களைக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? மறுநாள் தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு தாமே மரத்தடிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்த அக்கா வந்து என்னிடம் நடித்தே காட்டினாள்.

“ஏத்தா, இம்புட்டு ருசியா இருக்கே, எப்படிப் போடுற?” என்று கேட்டாராம்.

“அது எதுக்குண்ணே ஒங்களுக்கு? எதுத்த கடையில குடிச்சுப் பாத்தீகளா?”

“இல்ல.”

“குடிச்சுப்புடாதீக. சுவத்துல போஸ்டர் ஒட்டத்தான் ஆகும். அந்த மொதலாளி நாக்காலியில உக்காந்ததுலருந்து அவரு கடை அடுப்பும் உக்காந்துருச்சு.”

யாரிடம் சொல்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் வேறு, “நெசந்தான் மாப்ள” என்று அவர் முதுகில் தட்டினாராம்.

அன்று வீட்டுக்கு வந்தவர் முண்டாசைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் காரியம் பலித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் தூங்கிப்போனேன். பலித்தால் என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை.

மறுநாள் இருட்டோடு எழுந்து வழக்கம்போலப் போய்விட்டேன். ஆனால் அன்று அவரும் பழையபடி எழுந்துவிட்டார்! தாமே கடைக்குப் போய் ஆட்டுவதென்று முடிவு செய்து எழுந்தவர், பக்கத்தில் என்னைக் காணாமல் தெருவில் இறங்கியிருக்கிறார். ஊரே அரவமற்றுக் கிடக்கையில் அடுத்த தெருவில் ஆட்டுரல் சத்தம் கேட்டால் வராமல் இருப்பாரா?

நான் நிமிர்ந்து பார்த்தபோது வாசற்படியில் நின்றார். என் இரண்டு கையிலும் பருத்திப்பால்.

“வாங்கண்ணே” என்றாள் அக்கா, கொஞ்சமும் அசராமல். “எங்க மொதலாளியம்மாவப் பாக்க வந்தீகளா?”

அவர் முகம் சிவந்தது, வெளுத்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்தார். பிழிந்து போட்டிருந்த சக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். “இதுல இன்னும் பாலு இருக்குடி. பிழியத் தெரியாம பிழிஞ்சு வச்சிருக்க” என்றார். துணியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

பானை அடுப்பிலிருந்து இறங்கியபின்தான் அவருக்குச் சுய நினைவு வந்தது. “சரி, இன்னையோட இந்த மரத்தடி வேலைய நிறுத்திப்புடுங்க” என்றார்.

அக்கா இடுப்பில் கையை வைத்தாள். “அவ வேணா நிறுத்தட்டும். நான் எதுக்கு நிறுத்தணும்? எனக்குப் பக்குவம் பிடிபட்டுருச்சு. பிழியுறதையும் இப்பத்தான் பாத்துக்கிட்டேன்.”

நிறுத்தவே இல்லை. நாங்கள் விளையாட்டுக்கு வைத்த எதிர்க்கடை நிஜ எதிர்க்கடை ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் பல வருஷம் விடியுமுன் எழுந்தார். பலகையில் இருந்த கடைசி வரியை அவரே சுண்ணாம்பு பூசி அழித்தார். அவர் ஏலம் கூட்டினால் அவள் தேங்காய் கூட்டுவாள். அவள் லோட்டாவைப் புளி போட்டு விளக்கினால் அவர் சாம்பலும் சேர்த்து விளக்குவார். யார் பால் உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல இரண்டு பக்கமும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தினம் காலையில் அங்கே ஒரு லோட்டா, இங்கே ஒரு லோட்டா. தீர்ப்பு மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைக்கவேண்டி வந்ததுதான் மிச்சம்.