செவ்வாய்க்கிழமை நெய் ரோஸ்ட்

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதலில் டீசல் வாசம். முப்பது அடி நடந்தால் அது விலகி, தோசைக்கல்லில் நெய் உருகும் வாசம்...

இருபத்தைந்து வருடம் ஆகிறது. இன்னும் மூக்கில் இருக்கிறது.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு நாளிதழின் நிருபர். செவ்வாய்தோறும் செய்தி சேகரிக்க ராசிபுரம் போவேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன ஹோட்டல். காலை பத்து மணிக்குக் கூட்டம் கலைந்திருக்கும். மூலை மேசையில் உட்கார்ந்தால் போதும், சப்ளையர் சென்னியப்பன் எதுவும் கேட்க மாட்டார். கூம்பாக நிமிர்ந்து ஒரு நெய் ரோஸ்ட் வரும். பின்னால் ஸ்ட்ராங்காக ஒரு காபி.

அந்த இருபது நிமிடம் எனக்கே எனக்கு.

சின்னச் சம்பளம். வீட்டில் மகள் நித்யாவுக்கு ஐந்து வயது, மகன் பிரபுவுக்கு மூன்று. இருவரும் ஹோட்டலை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் விரலில் நெய் வடியச் சாப்பிடுவது நியாயமா என்ற கேள்வி வாராவாரம் வரும். ஆனால் தட்டு காலியான பிறகுதான் வரும்.

வீடு திரும்பியதும் மனைவி மதி கேட்பாள்.

"ஏனுங்க, காலைல என்ன சாப்டீங்க?"

"ஒரு டீ, ஒரு பன்னு."

ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் மறுநாளே திருத்தம் போடச் சொல்லும் ஆள் நான். இந்தப் பன் மட்டும் இரண்டு வருடம் திருத்தமில்லாமல் ஓடியது.

அது கூடப் பரவாயில்லை. "பாவம், அலையற ஒடம்பு" என்று சொல்லி, அன்று ராத்திரி என் தோசைக்கு மட்டும் ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக விடுவாள். அந்தக் கரண்டிதான் என்னை உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கிளப்பினேன். அதே ஹோட்டல். ஞாயிறு சென்னியப்பனுக்கு லீவு என்று யாரோ சொன்னதாக ஞாபகம். நான் விசாரிக்கவில்லை. நிருபர் செய்யக் கூடாத தவறு அது.

பிரபு கை கழுவும் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, சட்டையை நனைத்துக்கொண்டான். நித்யா நாற்காலியில் முட்டி போட்டு நின்றாள். மதி வழக்கப்படி சொன்னாள்:

"புள்ளைங்களுக்கு ரெண்டு ரெண்டு இட்லி சொல்லுங்க. எனக்கு வேண்டாம், இதுங்க மிச்சம் வெக்கறதே போதும்."

எங்கள் பக்கத்து அம்மாக்கள் எல்லோரும் ஹோட்டலில் சொல்வதுதான். நான் தலையாட்டி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு கூம்பு நடந்து வந்தது. அதன் பின்னால் சென்னியப்பன்.

"வாங்க சார்! செவ்வாக்கெழமதான வருவீங்க, இன்னிக்கிக் குடும்பத்தோடயா! அம்மணி, நெய் ஒரு சொட்டுக் கொறஞ்சாலும் சாருக்கு மூஞ்சி சுருங்கிப் போயிருமுங்க. அதான் பக்கத்துலயே நின்னு ஊத்தச் சொன்னேன்."

தட்டை என் முன்னால் வைத்தார்.

"அப்பா... தொப்பி!" என்றாள் நித்யா.

மதி கூம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கூம்பை.

"ஏனுங்க, ராசிபுரத்துப் பன்னு இம்புட்டு ஒசரமுங்களா?"

"அது வந்து மதி..."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம்."

"வாராவாரமா?"

"மழைன்னு ஒரு வாரம் போகல."

அவள் முகம் இறுகியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்... தோள் குலுங்கக் குலுங்க.

சென்னியப்பன் மிரண்டுபோனார். "நா ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?"

"இல்லீங்கண்ணா. நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க."

அவர் நகர்ந்ததும் குரலைத் தணித்தாள். "தின்னது தப்பில்லீங்க. அலையற மனுசன், ஆசைக்குத் தின்னுட்டுப் போறீங்க. ஆனா பன்னத் தின்னுட்டு வந்திருக்கீங்கன்னு நா எண்ணெ ஊத்திக்கிட்டுக் கெடந்தேன் பாருங்க... அதத்தான் பொறுக்க முடியல."

பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எனக்கு. ஒருத்தருக்கும் பிச்சுத் தரமாட்டேன். புள்ளைங்கள நீங்க பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டேன். பிரபு சாம்பாரில் கையை முக்கி என் சட்டையில் துடைத்தான். தொப்பி வேண்டும் என்று நித்யா அடம்பிடித்தாள். சென்னியப்பன் ஒரு சாசரில் விரல் நீளத்துக்குக் குட்டிக் கூம்பு சுட்டு வந்து, "இந்தா சாமி, உனக்கு" என்றார். அதை அவள் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள். சாயங்காலம் வரை தலைமுடியில் நெய் மணத்தது.

மதி அவசரப்படவில்லை. ஓரத்திலிருந்து மொறுமொறுவென்று உடைத்து, சட்னி தொட்டு, கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒரு தட்டு முழுக்க அவள் சூடாகச் சாப்பிட்டு நான் அன்றுதான் பார்த்தேன். என் இருபது நிமிடம் போல அவளுக்கு ஒன்று இருந்ததே இல்லை.

விரலை நக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்தக் காப்பியும் சொல்லுங்க. ஸ்ட்ராங்கா."

பிள்ளைகள் மிச்சம் வைத்த இட்லியை நான் சாப்பிட்டேன்.

அதன் பிறகும் செவ்வாய்க்கிழமை எனக்குத்தான். வீட்டுக்கு வந்தால், "பன்னு நெய் வடிஞ்சுச்சுங்களா?" என்று கேட்பாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுக்கு. அன்று பிள்ளைகள் என் பொறுப்பு.

போன மாதம் சேலம் ரோட்டில் ஒரு பெரிய ரெஸ்டாரண்ட். ஏசி, குழந்தைக்குத் தனி நாற்காலி, பத்துப் பக்க மெனு. நித்யாவின் இரண்டு வயது மகள், தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்த செல்போனைப் பார்த்தபடி வாய் திறந்தாள். குழந்தைக்கு இட்லி சொல்லிவிட்டு நித்யா சொன்னாள்: "எனக்கு வேண்டாம்மா. இவ மிச்சம் வெப்பா, அதுவே போதும்."

மதியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் சப்ளையரைக் கூப்பிட்டேன். நெய் ரோஸ்ட் ஒன்று. எனக்கு நெய் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், ஒரு டீ, ஒரு பன்.

"பன்னெல்லாம் இங்க இல்லீங்க சார்."

மதி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

கூம்பு வந்ததும் அவள் எழுந்து பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சூட்டோட தின்னு அம்மணி. இவளுக்குக்கூடப் பிச்சுத் தராத."

நித்யா இரண்டு கையாலும் ரோஸ்ட்டை உடைத்தாள்.

பேத்தி மிச்சம் வைத்த இட்லியை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஆறித்தான் போயிருந்தது.