உலோகம் சேர்க்காத சோதனை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எண்ணெய் பரிசோதிக்கும் சிறிய ஆய்வகம் ஒன்றில் பத்மா பதினோரு வருடமாக வேலை பார்க்கிறார். வீடு கோவில்பதாகையில். குடுவை கழுவத்தான் முதலில் சேர்ந்தார். அவருடைய கவனத்தைப் பார்த்து, அழுத்தக்கலனை இயக்கும் பொறுப்பையே கொடுத்துவிட்டார்கள். பிரஷர் குக்கர் மாதிரிதான் அதுவும். மூடியை மட்டும் எட்டு போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

போன வருடம் ஒரு நிறுவனம் பீப்பாயில் கச்சா எண்ணெய் அனுப்பியது. முற்றிய வெல்லப்பாகு போலக் கறுப்பாக, கரண்டியைச் சாய்த்தாலும் விழாமல் தொங்கியது. பூமிக்குள் நீராவியைச் செலுத்தினால் அது இளகி மேலே வரும்; ஆறினால் மறுபடி இறுகிவிடும். நீராவியோடு கொஞ்சம் உலோக உப்பையும் அனுப்பினால், எண்ணெயின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து, ஆறிய பிறகும் இளக்கம் நிற்கும். அதற்கு எந்த உலோகம் தோது என்று ஆய்வகம் சொல்ல வேண்டும்.

இரும்பு உப்பு போட்டதில் எண்ணெயின் கெட்டித்தன்மை தொண்ணூறு சதவீதம் குறைந்தது. ஆய்வகத்தை நடத்தும் கார்த்திகேசன் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார். அன்றைக்கே நிறுவனத்துக்கு மெயிலும் போனது.

ஒப்பிட்டுப் பார்க்க, உலோகம் இல்லாமல் எண்ணெயும் தண்ணீரும் மட்டும் வைத்து ஒரு சோதனை பாக்கியிருந்தது. வெறும் சூட்டுக்கு இருபது சதவீதம் குறைந்தாலே அதிகம். பத்மா அளந்தபோது எழுபது வந்தது. கருவியைத் துடைத்து மறுபடி அளந்தார். எழுபதேதான்.

கலனை முகர்ந்து பார்த்தார். லேசாக டொலுயீன் வாசனை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் எண்ணெய்ப் பிசுக்கு கரைய அதை ஊற்றித்தான் கலனைக் கழுவுவார். உலர்த்தும் அடுப்பு பழுதாகி இரண்டு வாரம் ஆகியிருந்ததால், ஃபேன் காற்றில் காயவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். மூடியின் மெல்லிய குழாய்க்குள் அது தங்கிவிட்டிருந்தது. இரண்டு ஸ்பூன் போதும், அந்த எண்ணெயை நீர்க்கச் செய்ய. இரும்புச் சோதனையும் இந்த இரண்டு வாரத்தில் செய்ததுதான்.

இந்த ஒரு சோதனையை மட்டும் நன்றாகக் காயவைத்துத் திரும்பச் செய்தால் இருபது வந்துவிடும். தொண்ணூறும் அப்படியே நிற்கும். யாருக்கும் தெரியாது. கையிலிருந்த டீ ஆறும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கார்த்திகேசன் அறைக்குப் போனார்.

“சார், அந்தத் தொண்ணூறு தப்பு சார். பானைல டொலுயீன் தங்கிக்கீது. அடுப்பு ரிப்பேரு, சரியா காயவெக்காம எட்துட்டேன்.”

“மெயில் போயாச்சு பத்மா.”

“தெரியும் சார். அதான் ஓடியாந்தேன்.”

“அடுப்பு ரிப்பேர்னு ஏன் சொல்லல?”

“சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன் சார்.”

அவர் கத்தியிருந்தால் தேவலை என்று பத்மாவுக்கு இருந்தது. கத்தவில்லை. நிறுவனத்துக்குப் போன் போட்டு, முடிவைத் திரும்பப் பெறுவதாக பத்மாவின் எதிரிலேயே சொன்னார். மறுநாள் அடுப்பைச் சரிசெய்ய ஆள் வந்தான்.

எல்லாச் சோதனையும் முதலிலிருந்து தொடங்கியது. மூன்று வாரம். அந்த நாட்களில் கார்த்திகேசன் வேலைக்கு வேண்டியதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. உலோகம் இல்லாமல் பதினெட்டு வந்தது. இரும்புக்கு ஐம்பத்தெட்டு. பெரிதாக எதிர்பார்க்காத நிக்கலுக்கு எழுபத்தொன்று.

நிறுவனம் பன்னிரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு நிக்கலை வெவ்வேறு அளவில் போட்டுப் பார்க்கச் சொல்லி இன்னொரு பீப்பாய் அனுப்பியது.

அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த கார்த்திகேசன் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “சோதனை செய்தவர்னு உங்க பேரைப் போடறேன். இனிஷியல் என்ன?”

“அப்பா பேரு பச்சையப்பன் சார்,” என்றார் பத்மா. “ப. பத்மான்னு போட்டுடுங்க.”