உள்பக்க ஓரம்

பஞ்சர் கடைக்காரர் கழற்றிய சக்கரத்தை உருட்டி வந்து திருப்பிப் போட்டபோது, அது தன் வண்டியின் டயர்தான் என்று பளபளாவால் நம்பவே முடியவில்லை. வெளிப்பக்கம் நேற்று வாங்கியதுபோல இருந்தது. உள்பக்க ஓரத்தில் ரப்பரே இல்லை. மொழுமொழுவென்று தேய்ந்து, அதையும் தாண்டி, உள்ளே இருந்த கம்பி இழை இழையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதுலயா வந்தீங்க?" என்றார் கடைக்காரர்.

ஆணி குத்தியதற்காக வந்தவர் பளபளா. பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்கள் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பளபளா என்பது தெரு வைத்த பெயர். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவர். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று அவரே சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது. தினமும் காலையில் கழுவுவார், துடைப்பார், டயருக்குக்கூடக் கறுப்புப் பாலிஷ் போடுவார். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் குந்தி உட்கார்ந்து டயரின் வெளிப்பக்கத்தைப் பார்த்து, "அருமை" என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்வார். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்திருந்தால் உள்பக்கமும் தெரிந்திருக்கும். ஆனால் மனுஷர் சக்கரம் நேராக நிற்கும்படிதான் வண்டியை நிறுத்துவார். கோணி நின்றால் பார்க்க நன்றாக இருக்காதாம்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. மருமகனுக்கு வெளியூரில் வேலை என்பதால், நிறைமாதமாக இருந்த மகள் இங்கேதான் இருந்தாள். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன அதே வாரத்தில் பளபளாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அதன்பின் கொஞ்ச நாள் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. வலி எடுத்தால் மகளை யார் கொண்டுபோவது? மனைவி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸோடு வந்து நின்றாள். பளபளா வாயால் பாராட்டினார். உள்ளுக்குள் என்னவோ புழுங்கியது.

போன வாரம் மகளைப் பரிசோதனைக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். பளபளா பக்கத்து சீட்டில் வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருந்தார். புறவழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும்போது அவள் சொன்னாள்:

"என்னங்க, வண்டி இடது பக்கமே இழுக்குது."

"வண்டி எங்க இழுக்குது? நீதான் இழுக்கிற. துணி தைக்கிற நெனப்புல ஓட்டாத."

பின்னால் இருந்த மகள்கூடச் சிரித்துவிட்டாள். மனைவி மறுபடி சொன்னாள். அதற்கும் ஒரு கிண்டல். அடுத்து அவள் வாயெடுத்தபோது அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். வீடு வந்ததும், "இனிமே நான் இதைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மெஷின் முன் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், பளபளாவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

"வண்டியை எங்கயாவது பள்ளத்துல விட்டீங்களா?" கடைக்காரர் கேட்டார்.

"மழைக்காலத்துல ஒரு தடவை. தண்ணி நின்னுச்சு, பள்ளம் தெரியல. ஆனா வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே."

"கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஆகல. சக்கரம் நிக்கிற கோணம் மாறிப்போச்சு. காத்து கம்மியா இருந்தா ரெண்டு ஓரமும் தேயும், அதிகமா இருந்தா நடுவுல தேயும். ஒரு ஓரம் மட்டும் இப்படித் தேஞ்சா அலைன்மென்ட்டைத்தான் பாக்கணும். பள்ளத்துல விட்ட உடனே பாத்திருந்தாலோ, டயரை முன்னும் பின்னும் மாத்திப் போட்டிருந்தாலோ, அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இந்தக் கம்பியோட வேகமா போயிருந்தா வெடிச்சிருக்கும்ணே. ஏன், வண்டி ஒரு பக்கமா இழுக்கலையா?"

பளபளாவுக்கு எல்லாம் கண்முன் வந்தது. புறவழிச்சாலை, பக்கத்திலேயே வந்த லாரி, பின்சீட்டில் வயிற்றில் கை வைத்துச் சிரித்த மகள்.

"என் வீட்டுக்காரி சொன்னா," என்றார்.

முன்பக்கம் இரண்டுக்கும் புது டயர் போட்டு, அடுத்த தெருவில் அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பினால், வண்டி இப்போது வலது பக்கம் போனது. சுர்ரென்று கோபம் வந்து, திருப்பிக்கொண்டு போய் அலைன்மென்ட் பார்த்த மெக்கானிக்கிடம் கத்தினார். மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டச் சொல்லி, "கொஞ்சம் கைய எடுங்க" என்றார். வண்டி பிடித்து வைத்ததுபோல நேராகப் போனது. கை வைத்ததும் வலது பக்கம் திரும்பியது.

"இத்தன நாளா அது இடது பக்கம் இழுக்க, நீங்க வலது பக்கம் புடிச்சே ஓட்டியிருக்கீங்க. கை பழகிடுச்சு. அதான் உங்களுக்குத் தெரியல."

வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷின் முன் நின்று, கம்பி, பள்ளம், தன் கை என்று எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி தைத்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப நேரா போகுது. வா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு. பாப்பாவுக்கு வலி வந்தா நீதானே கொண்டுபோகணும்," என்றார். கெஞ்சித்தான் பழக்கமில்லை, அன்று கெஞ்சினார்.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. அன்னிக்கு டயர் வெடிச்சு பாப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா, கேக்கறவங்ககிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு தான் என்ன சொல்லியிருப்போம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சக்கரத்தின் உள்பக்கத்தை ஒருத்தரும் குனிந்து பார்த்திருக்கப்போவதில்லை.

"நீ ஓட்டினதாலதான்னு சொல்லியிருப்பேன்."

"வண்டியில ஏதோ சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க," என்றாள் அவள். "ஏதாவது ஆனா, பெத்த பொண்ணையே கொன்னவள்னு காலத்துக்கும் என்னைத்தான் சொல்லுவீங்கன்னும் தெரிஞ்சுது. அதான் தொடமாட்டேன்னு இறங்கிட்டேன்."