மாதேஸ்வரியின் முன்பற்கள்

கல்லாவியில் பிறந்த மாதேஸ்வரிக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கில் ஓரத்து இரண்டும் குட்டையாய், கூம்பாய் முளைத்திருந்தன. பள்ளிக்கூடத்தில் "பூனைப்பல்லு" என்றுதான் கூப்பிட்டார்கள். அன்று மூடிய வாய்! ஓசூர் தொழிற்சாலையில் சேர்ந்தபோதும் பெயின்ட் பிரிவையே கெஞ்சிக் கேட்டு வாங்கினாள். அங்கே எல்லோருக்கும் முகக்கவசம் உண்டே!

பெயின்ட் அடித்து வரும் வண்டி பாகங்களை மாதிரித் தகட்டோடு சேர்த்துப் பிடித்து, நிறம் ஓர் இழை மாறினாலும் "ரிஜெக்ட்" என்று ஓரம் தள்ளுவது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. லைன் லீடர் பதவி தானாகத் தேடி வந்தும் மறுத்துவிட்டாள். லீடர் என்றால் தினமும் ஷிப்டு தொடங்கும் முன் முகக்கவசம் இல்லாமல் எல்லோர் முன்னும் நின்று பேச வேண்டும். அந்தக் கொடுமையை எப்படித் தாங்குவாள்? மேலாளர் பொறுமை இழந்தார்.

"திங்கக்கிழமை நீங்க வந்து நிக்கலைன்னா, வேற ஆளைப் போட்டுடுவேம்மா."

உடன் வேலை செய்யும் கெம்பம்மா கர்நாடக எல்லையோரத்து ஜூஜுவாடிக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். "பல்லுக்குப் பயந்து பதவிய விடற பைத்தியம் நீ ஒருத்திதான்டி! கெளம்பு, டாக்டரப் பாக்கலாம்."

"நல்ல பல்ல ராவிச் சின்னதாக்கித்தான் மேல கேப் மாட்டணும்னு முன்ன ஒரு டாக்டர் சொன்னாருக்கா. பயமா இருக்குது."

பல் டாக்டர் சுஜாதா பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "பல்லு ஆரோக்கியமா இருக்கும்மா. எதுக்கு ராவணும்? பல் நிறத்துப் பசைய மேல ஒட்டி, வடிவம் கொடுத்து, லைட் காட்டி இறுக வெச்சுடலாம்."

மாதேஸ்வரியின் பயம் போயிற்று. ஆசை யாரை விட்டது? "பால் வெள்ளையா வெச்சுடுங்க மேடம்!"

டாக்டர் நிற மாதிரிகளில் வெள்ளையை எடுத்து அவள் பல்லருகே பிடித்தார். ஊர் போர்வெல் தண்ணீர் குடித்து லேசாகப் பழுப்பேறிய பல்வரிசையில், அது சுவரில் அப்பிய சுண்ணாம்பாகத் துருத்தியது. கண்ணாடியைப் பார்த்தவள் தன்னை மறந்து கத்தினாள்:

"ஐயோ, ரிஜெக்ட்!"

கெம்பம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேட்டவளும் இவதான், தள்ளினவளும் இவதான்!"

டாக்டரும் சிரித்துக்கொண்டே பக்கத்துப் பல்லின் பழுப்புக்கு இணையான நிறத்தை எடுத்தார். பசையைப் படலம் படலமாக ஏற்றினார். ஒரே அமர்வில் முடிந்தது. கண்ணாடியில் தெரிந்த முகத்தை மாதேஸ்வரி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எத்தனை கல்யாணப் போட்டோக்களில் உதட்டை இறுக்கி நின்ற முகம் அது! கண்ணீர் கரைபுரண்டது.

திங்கட்கிழமை காலை. வரிசையாக நின்றவர்கள் முன் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். மூச்சை இழுத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். முதல் வாக்கியம் தடுமாறியது, இரண்டாவது நிமிர்ந்தது, மூன்றாவது கடைசி வரிசை வரை கணீரென்று போனது. அந்த நேரம் பார்த்து கெம்பம்மா மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள்.

"கெம்பக்கா! லீடர் நம்ம ஆளுதானேன்னு லேட்டா வர்றீங்களா? நாளைக்கும் இப்பிடின்னா வெளியதான் நிக்கணும்!"

"ஆயித்து, சரி மேடம்!" என்று கெம்பம்மா கன்னடம் கலந்து கும்பிட்டாள். கூட்டமே கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் மாதேஸ்வரி.

சங்கு ஊதியது. அவள் கையை உயர்த்தினாள். லைன் ஓடத் தொடங்கியது.