'இன்னும் தெரியவில்லை' என்று மைக்கில் சொன்ன நாள்

எச்சரிக்கை மையத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தபோது சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம். அலை எழுமா என்பது உறுதியாகவில்லை. அடுத்த தகவலுக்குக் காத்திருக்கவும். அவ்வளவுதான். டப்பாவை மூடிவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு, புதுச்சேரிக் கடலோர ஊர்களில் ஒலிபெருக்கி வைத்து, எங்கள் அலுவலகத்திலிருந்து அலை, வானிலைத் தகவல்களைச் சொல்லும் திட்டம் தொடங்கியிருந்தது. எச்சரிக்கையை யார், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்ற புரோட்டோகாலை எழுதுவது என் வேலை. அதில் இரண்டே நிலைகள்தான்: ஆபத்து, ஆபத்து இல்லை. இந்த ஃபேக்ஸ் இரண்டிலும் சேரவில்லை.

சில மாதங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு தகவலுக்கு 'ஆபத்து' என்று அறிவித்திருந்தோம். அந்த ஊர்களில் ஒன்றான பிள்ளைச்சாவடியில் ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். நெரிசலில் விழுந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அலை வரவில்லை. இனிமேல் நீங்கள் சொன்னால் ஓடமாட்டோம் என்று ஊரில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

துணை இயக்குநரிடம் போனேன். உறுதியான தகவல் வரும்வரை எதுவும் அறிவிக்க வேண்டாம் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைச்சாவடியிலிருந்து போன். மகளிர் குழுவைச் சேர்ந்த செல்விதான் அங்கே மைக்குக்குப் பொறுப்பு. டிவியில் செய்தி ஓடுகிறதாம். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்களாம், மீதிப் பேர் அவளைச் சூழ்ந்து நிற்கிறார்களாம்.

"வருதா வரலியா, ஒண்ணு சொல்லுங்க மேடம். எம் புள்ளைங்க ரெண்டும் ஸ்கூல்ல இருக்குது."

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். தெரிந்ததை அப்படியே சொல்லிவிடலாமா என்று துணை இயக்குநரைக் கேட்டேன்.

"ஏம்மா, தெரியலன்னு கவர்மெண்ட்டு மைக்ல சொல்லுவாங்களா? நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் எழுதிக் கையெழுத்து போட்டுத் தர்றேன் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

செல்வியை இப்படிச் சொல்லச் சொன்னேன்: நிலநடுக்கம் வந்தது உண்மை. அலை வருமா என்று இன்னும் தெரியவில்லை. குழந்தைகளையும் வயதானவர்களையும் இப்போதே நிதானமாக ரோட்டுக்கு மேற்கே அழைத்துப் போங்கள். யாரும் கடலுக்குள் இறங்க வேண்டாம். கால் மணிக்கு ஒருமுறை, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், இதே மைக்கில் பேசுவோம்.

அதன்பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு கால் மணிக்கும் போன் செய்து 'இன்னும் தெரியவில்லை' என்றே சொன்னேன். தெரியாதவளுக்கு எதற்கு மைக் என்று யாரோ செல்வியைத் திட்டுவது போனிலேயே கேட்டது. அலை வந்துவிட்டால், 'நிதானமாக' என்று நான் சொன்ன வார்த்தை எத்தனை பேரைக் கொல்லும் என்ற நினைப்பு என்னை உட்காரவிடவில்லை. ஒருமுறை நான் ஃபேக்ஸ் மெஷின் அருகே நின்றிருந்தபோது கால் மணி ஆகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் துணை இயக்குநரே போனில், "இல்லம்மா, இன்னும் தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள், அலை வராது என்று உறுதியாக ஃபேக்ஸ் வந்தது. உடனே செல்வியிடம் சொன்னேன்.

"புள்ளைங்க வந்துட்டாங்க மேடம். யாருக்கும் அடி படல. நீங்க ஒரு தடவ போன் பண்ணாம விட்டிருந்தா, நானே மைக்க கீழ போட்டுட்டு ஓடியிருப்பேன்."

புரோட்டோகாலில் 'இன்னும் தெரியவில்லை' என்று மூன்றாவது நிலை ஒன்றைச் சேர்த்தோம். துணை இயக்குநரும் கையெழுத்திட்டார். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள், எச்சரிக்கையை எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை மெஷின் பார்த்துக்கொள்ளும். கையில் தகவலே இல்லாதபோது ஜனங்களிடம் என்ன சொல்வீர்கள், திரும்ப எப்போது பேசுவீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள்.