இடது கைக்கு ஒரு கத்தி

அமெரிக்காவின் மான்டானா மலைப்பக்கம் டெல்பர்ட் ஹாகனைத் தெரியாத வேட்டைக்காரர்கள் குறைவு. வெளியூர்க்காரர்களைக் குதிரையேற்றி மேலே ஏரிவரை கூட்டிப்போய், எல்க் மான் வேட்டை முடிந்ததும் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவது அவன் தொழில். செப்டம்பர் பிறந்தால் மலையேறுவான். நவம்பர் கடைசியில் தாடியும் புகைநாற்றமுமாக வீடு வந்து சேருவான். அவன் மனைவி மார்வா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து ஓர் இலையுதிர்காலத்தைக்கூட அவள் புருஷனோடு கழித்ததில்லை. மலைதான் எனக்குச் சக்களத்தி என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பு வாயோடு சரி.

ஒரு வசந்தகாலத்துக் காலையில் டெல்பர்ட்டின் வலது கை காபிக் கோப்பையை நழுவவிட்டது. பிறகு பேனாவை. பிறகு குதிரையின் கடிவாளத்தை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். நரம்புகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. ஊருக்குத் திரும்பி வீட்டு வாசலில் வண்டி நின்றதும் டெல்பர்ட் கேட்டான்.

"இந்த வருஷம் ஒரு தடவ ஏரிக்குப் போயிட்டு வந்துரட்டுமா?"

"தனியாவா? நெனப்புத்தான்! நானும் வர்றேன்."

"நீயா? பஸ் ரோட்ட விட்டு நீ எறங்கினதே இல்லயே."

"இப்ப எறங்குறேன். போதுமா?"

வாழ்நாள் முழுக்க இடுப்பில் உறைக்கத்தி கட்டியவன் டெல்பர்ட். இப்போது உறையின் வாரைத் தளர்த்தி அதை உருவ விரலுக்கு வலுவில்லை. சட்டைப் பையில் கிடக்கிற மாதிரி, ஒற்றைக் கையால் திறக்கிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வேண்டும் என்றான். ஆகஸ்டில் இருவரும் வால்ட் மரோவிச்சின் வேட்டைச் சாமான் கடைக்குப் போனார்கள். வால்ட் பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கூட்டாளி. ஊருக்கே தெரிந்த விஷயம் அவனுக்கும் தெரியும். அதனாலேயே வழக்கத்தைவிடச் சத்தமாக வம்பிழுத்தான்.

"மடக்குக் கத்தியா? டேய், மலைக்குப் போறியா, இல்ல மார்வாவுக்கு ஆப்பிள் நறுக்கித்தரப் போறியா?"

"உன் நாக்க நறுக்கத்தாண்டா. நல்லதா நாலு எடுத்துப் போடு."

முதல் கத்தியில் நகத்தை நுழைத்து இழுக்க ஒரு பள்ளம் இருந்தது. "குளிர்ல வெறச்ச நகம் இதுல எங்கடா ஏறும்?" என்று டெல்பர்ட்டே ஒதுக்கிவிட்டான். இரண்டாவதில் கட்டைவிரலால் தள்ளுகிற குமிழ். தள்ளினான். விரல் நடுங்கியது, அலகு பாதிவழியில் நின்றது. இன்னொரு தடவை தள்ளினான். அப்போதும் பாதிதான். மூன்றாவது, உள்ளே சுருள்வில் வைத்தது. லேசாகத் தொட்டாலே விரியும். விரிந்த வேகத்தை அவன் பிடி தாங்கவில்லை. கத்தி எகிறி கண்ணாடி மேஜைமேல் விழுந்து சுழன்றது. வால்ட் இல்லாத அழுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றான். மார்வா சுவரில் தொங்கிய தூண்டில்களைப் பார்த்தாள்.

டெல்பர்ட் விழுந்த கத்தியை அவனிடமே நகர்த்தினான். பிறகு, "இடது கைக்குத் தோதா ஏதாச்சும் வச்சிருக்கியா?" என்றான்.

"எதுக்கு? நீ வலது கைக்காரனாச்சே."

"இவ இடது கைக்காரி."

வால்டின் துணி நின்றது. மார்வாவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கோபம்தான் முதலில் வந்தது.

"எனக்கு எதுக்குக் கத்தி? உனக்குத்தான வாங்க வந்தோம்?"

"மலைக்கு ஒத்தக் கத்திதான்னா அது வேலை செய்யற கையில இருக்கணும். முரண்டு பிடிக்காத. அந்தக் கம்பளிக் கையுறைய மாட்டிக்க. கண்ண மூடிக்கிட்டுத் தெற பார்ப்போம்."

அலகின் முதுகில் பெரிய துளை போட்ட ஒன்று கையுறைக்குள்ளிருந்தும் அவள் கட்டைவிரலுக்கு அகப்பட்டது. அதை மேஜை விளிம்பில் முதுகுப்பக்கமாக வைத்து அழுத்தச் சொன்னான், அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு அசையவில்லை. கைப்பிடி ஆரஞ்சு நிறம். "பனியில விழுந்தா கண்ணுக்குத் தெரியும். அலகு நீளம் உள்ளங்கை அகலந்தான், அது போதும். அதுக்குமேல நீளம்லாம் பீத்திக்கத்தான். இதையே குடு," என்றான். மார்வா அதைக் கையில் பிடித்தபடியே வெளியே போய், வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். அவன் தன்னைத்தானே கணக்கிலிருந்து எடுத்துவிட்டான். அதுவும் வால்ட் முன்னால், கத்தி வாங்குகிற சாக்கில்.

அக்டோபரில் ஏறினார்கள். ஏரிக்குச் சற்றுக் கீழே ஓடையைக் கடக்கையில் டெல்பர்ட்டின் குதிரை வழுக்கியது. அவன் தண்ணீரில் விழுந்தான். அவள் இறங்கி அவனைக் கரைக்கு இழுத்துப் போடுவதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. நனைந்த பூட்ஸின் முடிச்சு எதற்கும் அசையவில்லை. கத்தியை எடுத்துக் கயிறுகளை அறுத்தாள், மேல்சட்டையைக் கழுத்திலிருந்து கிழித்துக் கழற்றினாள், குதிரைமேல் கட்டியிருந்த கம்பளிப் படுக்கைக்குள் அவனைச் சுருட்டினாள். சுற்றிலும் விறகெல்லாம் ஈரம்.

"நின்னபடியே செத்த மரத்துல கொம்பு ஒடி," என்றான் அவன். "மேல ஈரத்த சீவித் தள்ளு. உள்ள காஞ்சிருக்கும். சுருள் சுருளா..."

"வாய மூடு. பல்லு தந்தியடிக்குது. எனக்குத் தெரியும்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. சீவினாள். முதல் சுருள்கள் தடித்துப் போயின. பிறகு மெலிந்தன, பிறகு பற்றிக்கொண்டன. நெருப்பு எழுந்தபோது அவன் சிரித்தான். "பஸ்காரி, பரவாயில்லயே," என்றான்.

மறுநாள் வெயிலில் ஏரிக்கரையில் உட்கார்ந்தார்கள். லார்ச் மரங்கள் பொன்னாய் நின்றன. மார்வா கேட்டாள்.

"இத்தன வருஷத்துல என்ன ஏன் ஒரு தடவகூடக் கூப்பிடல?"

"உனக்கு மலைன்னா பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"நீ கூப்பிடலயேன்னுதான் பிடிக்காமப் போச்சு."

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவனால் கையைத் தூக்க முடியவில்லை. அவள் துடைத்துவிட்டாள். தூரத்தில் எல்க் ஒன்று கத்தியது. இருவரும் துப்பாக்கியைத் தேடவில்லை. முன்பே கேட்டிருந்தால், முன்பே சொல்லியிருந்தால் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள் அவள். பார்க்க முடியாமல் விட்டுவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவன் பேச்சு குழறியது, பிறகு நின்றது. கைகள் மரக்கட்டையாய்த் தொங்கின. சட்டை மாட்டும்போது தோளில் உயிர்போகிற வலி எடுத்தது. மார்வா அந்த ஆரஞ்சுக் கத்தியால் அவன் சட்டைகளின் முதுகை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். முன்பக்கமாகக் கையை நுழைத்து, பின்னால் செருகிவிட்டால் ஆயிற்று. முன்னாலிருந்து பார்த்தால் பழைய டெல்பர்ட்தான்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், ஜன்னலோரம் படுத்தபடியே போய்விட்டான்.

ஈமக்கிரியைக் கூடத்துக்காரர் நல்ல மனிதர். தணிந்த குரலில் சொன்னார்: "உடுப்ப பின்னாடி கிழிச்சுத்தாம்மா போடுவோம். வெளிய தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான்."

"இவருக்கு வேண்டாம்," என்றாள் மார்வா. "கிழிஞ்ச சட்டையில இருந்தது போதும். நாங்களே போட்டுவிடுறோம்."

கத்தி படாத ஒரே ஒரு சிவப்புக் கட்டம்போட்ட கம்பளிச் சட்டை அலமாரியில் மிச்சமிருந்தது. கூட வந்திருந்த வால்ட் அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தான். அவள் சட்டைக்கையை விரித்து அந்தக் கனத்த கையை மெல்ல உள்ளே விட்டாள். வெகுநேரம் பிடித்தது. "டேய், கொஞ்சம் ஒத்துழைடா," என்று சொல்லிவிட்டு வால்ட் குலுங்கிக் குலுங்கி அழுதான். மார்வா கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தானை அவன் எப்போதுமே போடமாட்டான். அதை அவளும் திறந்தே விட்டாள்.