டென்ட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு காலிங் பெல் அடித்தது. திறந்தால் எதிர் ஃபிளாட் தம்பதி. புதிதாகக் கல்யாணமானவர்கள். இரண்டு பேருக்கும் பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் வேலை.

"அக்கா, உங்க வீட்டுல டென்ட் இருக்காமே... வர்ற சனிக்கிழமை பீச்சுல போய்த் தங்கலாம்னு இருக்கோம். முதல் தடவை. அப்படியே கொஞ்சம் டிப்ஸும் குடுங்க."

டென்ட்டை மட்டும் கேட்டிருந்தால் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். டிப்ஸ் கேட்டுவிட்டார்களே. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். விடுவேனா? உட்கார வைத்துவிட்டேன். போட்ட காபி ஆறியது. சூடு பண்ணிக் கொடுத்தேன், அதுவும் ஆறியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது ஏதோ அமெரிக்கா சமாசாரம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போய்ப் பாருங்கள். இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் நாலு குச்சி நட்டு, புடவையைச் சுற்றிக் கட்டி, சமைத்துச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவர்கள் யாரிடமும் டிப்ஸ் கேட்பதில்லை. நமக்குத்தான் ஒரு ராத்திரி தங்க மூட்டை மூட்டையாகச் சாமான் வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டு டென்ட் என் தம்பி கார்த்திக் வெளிநாட்டு புராஜெக்ட் முடிந்து வரும்போது வாங்கி வந்தது. வந்த நாளிலிருந்து அது உறையைவிட்டு வெளியே வரவில்லை. வெளியே வந்தது அவனுக்குப் பெண் பார்த்தபோதுதான்.

பெண் பெயர் வித்யா. அப்பா கல்பாக்கத்தில் என்ஜினியர், புதுப்பட்டினத்தில் சொந்த வீடு. ஜாதகம் பொருந்தி, பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் முடிந்து, "என்னம்மா சொல்றே?" என்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தபோது, வித்யா நிதானமாகச் சொன்னாள்: "இஸ்திரி போட்ட சட்டையில சோபாவுல உட்கார்ந்தா எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கணும்."

என் தம்பி என்ன நினைத்தானோ, "என்கிட்ட ஒரு டென்ட் இருக்கு" என்றான்.

ஆச்சரியம் என்னவென்றால், வித்யாவின் அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் கண்டிஷன்கள் உண்டு. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூட வர வேண்டும். பெண்கள் டென்ட்டுக்குள், ஆண்கள் வெளியே தார்ப்பாயில். நாள், பங்குனிப் பௌர்ணமி. அப்புறம், டென்ட்டின் வாசல் கிழக்கே பார்த்து இருக்க வேண்டும்.

அணு உலையைக் கட்டி ஆளுகிற மனிதர். வாஸ்து என்று வந்துவிட்டால் காம்பஸ் இல்லாமல் கட்டில்கூட நகர்த்த மாட்டார். இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அப்பா அம்மா இல்லாத எங்கள் வீட்டில் பெரியவள் என்றால் நான்தான். அதனால் நானும் போனேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, வித்யாவின் அப்பாவுக்குத் தெரிந்தவரின் சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். இது முதல் டிப்ஸ்: கண்ட இடத்தில் இறங்காதீர்கள். தெரிந்தவர் நிலத்துக்குப் பக்கமாகப் போங்கள். அங்கே இருக்கிற குப்பத்தில் யாரிடமாவது, இங்கே தங்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். படகு இறக்குகிற இடத்தில் டென்ட் போட்டுவிட்டு விடியற்காலையில் முழிக்கக் கூடாது.

இரண்டாவது டிப்ஸை எங்கள் வேன் டிரைவர் ஏழுமலை நடித்தே காட்டினார். "மணல்ல வேணாம், தோப்போட நிறுத்திடுங்க" என்றேன்.

"இன்னாக்கா, நான் பாக்காத மணலா? சும்மா குந்திகினு வாங்க" என்றார்.

குந்தினோம். வேனும் குந்தியது. பின் சக்கரம் பாதிக்கு மேல் உள்ளே. எல்லோரும் இறங்கித் தள்ளியதில் கார்த்திக்கின் இஸ்திரிச் சட்டை முதல் சில நிமிடங்களிலேயே போயிற்று. வித்யா அதைக் கவனித்ததை நான் கவனித்தேன். "பேஜாரு புடிச்ச மணலா கீதே" என்று ஏழுமலை மணலைத் திட்டினார்.

சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்திலேயே டென்ட்டைப் போட்டுவிடுங்கள் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? வித்யாவின் அப்பா காம்பஸை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். கடலுக்கு நேராகக் கையை நீட்டினார். "கிழக்கு. இப்படித்தான் வாசல்."

நம் கடற்கரையில் கிழக்கு என்றால் என்ன? கடல். சாயங்காலக் காற்று எங்கிருந்து வருகிறது? அதே கடலிலிருந்து. வாசலை அந்தப் பக்கம் திறந்தால் காற்று உள்ளே வரும், வெளியே போக வழியிருக்காது. டென்ட் பூரி மாதிரி உப்பும். டென்ட்டோடு வந்த பேப்பரில், காற்றுக்கு முதுகைக் காட்டு என்று படமே போட்டிருந்தது. அந்தப் பேப்பர் கார்த்திக்கின் கையில்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், வித்யாவின் அப்பாவைப் பார்த்தான், பிறகு மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

"சரி சார்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். வித்யா.

"அக்கா, நீங்க சொல்லாதீங்க" என்றாள் மெதுவாக. "அவருக்குத் தெரியுது. சொல்றாரான்னு பாக்கணும். எங்க அப்பா சொன்னா எங்க வீட்டுல எல்லாரும் சரிம்பாங்க. இன்னொரு 'சரி' எனக்கு வேணாம்."

அடிப்பாவி, இதற்குத்தானா இவ்வளவு தூரம் வரவழைத்தாய்? என் தம்பி நல்லவன். ஆனால் ஆட்டோக்காரர் வழி தப்பிப் போனால்கூட, அவர் மனசு நோகுமே என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற நல்லவன். அவனாவது, வருங்கால மாமனாரிடம் மறுத்துப் பேசுவதாவது?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அலை கடைசியாக வந்துபோன இடத்தில் கிளிஞ்சலும் குப்பையும் கோடு போட்டது மாதிரி கிடக்கும். ஊதாப் பூ பூக்கிற அடம்புக்கொடி அதற்கும் மேலே படர்ந்திருக்கும். டென்ட் கொடிப் பக்கம் இருக்க வேண்டும். வித்யாவின் அப்பா காட்டிய இடமோ கோட்டுக்குக் கீழே. அதுவும் பௌர்ணமியன்று! கல்யாணப் பேச்சுக்கு நல்ல நாள், சந்தேகமில்லை. கடலுக்கும் அன்றைக்குத்தான் ரொம்ப உற்சாகம், மற்ற நாளைவிட மேலே ஏறி வரும். நிலா வெளிச்சம் வேண்டுமென்றால் போங்கள், தாராளமாக. ஆனால் அந்தக் கோட்டைவிட்டு நன்றாகத் தள்ளியே இருங்கள்.

டென்ட் எழுந்தது. உப்பியது. கம்பி ஆணிகள் மணலில் வெண்ணெயில் சொருகியது போல நின்றன, அதாவது நிற்கவில்லை. கார்த்திக் ஒன்றை அடித்துவிட்டு வருவதற்குள் இன்னொன்று பிடுங்கிக்கொண்டது. வித்யாவின் அப்பா பக்கத்தில் நின்று, "ஈசானிய மூலையை இழுத்துக் கட்டுங்க தம்பி" என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்ததுதான் நம் ஊர் ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. வித்யாவின் அம்மா கூடையிலிருந்து சின்னப் பால் பாத்திரத்தையும் கெரசின் ஸ்டவ்வையும் எடுத்தார். "புதுசா ஒரு கூரைக்குக் கீழ போறோம். பால் காய்ச்சிட்டுப் போகலாம்" என்றார்.

டென்ட்டுக்குக் கிரகப்பிரவேசம்!

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மா உள்ளே போய், வாசலை ஒட்டி ஸ்டவ்வை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நைலான் துணி. நேர் எதிரே கடல் காற்று. திரி பற்றிக்கொண்டு, ஜுவாலை படுத்து, பின்பக்கத் துணியை நோக்கி நாக்கை நீட்டியது. அந்த அம்மாவின் புடவைத் தலைப்பும் அந்தப் பக்கம்தான் பறந்தது.

கார்த்திக் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினான். குனிந்து உள்ளே போய் ஸ்டவ்வை அணைத்தான். ஒரு கையில் ஸ்டவ், ஒரு கையால் அந்த அம்மாவைப் பிடித்து வெளியே கொண்டு வந்தான்.

"என்ன தம்பி, நல்ல நேரம் போயிடுமே" என்றார் வித்யாவின் அப்பா.

கார்த்திக் நிமிர்ந்து நின்றான். சட்டையில் மணல், முழங்கையில் சிராய்ப்பு. அதுவரை 'சார்' என்றே பேசிக்கொண்டிருந்தவன், முதல் தடவையாக மாமா என்றான்.

"டென்ட்டுக்குள்ள அடுப்பு வைக்கக் கூடாது மாமா. வாசலும் இந்தப் பக்கம் இருக்கக் கூடாது. நான் முதல்லயே சொல்லியிருக்கணும். இடத்தையும் மேல மாத்தி, வாசலை மேற்க திருப்பப் போறேன். உங்களுக்குக் கோபம்னா நாளைக்கு எவ்வளவு வேணா திட்டுங்க. இன்னைக்கு இதுக்குள்ள அத்தையும் வித்யாவும் தூங்கணும்."

குரல் உயரவில்லை. ஆனால் அனுமதி கேட்கிற குரலும் இல்லை.

அவர் காம்பஸைப் பையில் போட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தார். அவ்வளவுதான், சம்பந்தம் போயிற்று என்று எனக்குத் தோன்றியது. தம்பியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. ஏழுமலைகூட வேனைத் தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வித்யா அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். வடக்கே, தூரத்தில், கடற்கரைக் கோயில் சின்னதாகத் தெரிந்தது.

"அப்பா, அந்தக் கோயில்ல பெரிய சந்நிதி எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

"கிழக்க."

"சின்ன சந்நிதி?"

அவர் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "மேற்க."

"அலையோரத்துல அதுவும் நின்னுட்டுத்தானேப்பா இருக்கு?"

அவர் கோயிலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் யாருக்காகப் பேசுகிறாள் என்பது எந்த அப்பாவுக்குத்தான் புரியாது? திரும்பி வந்து, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, "சும்மா நின்னா எப்படி தம்பி, ஒரு முனையைக் குடுங்க" என்றார்.

சாமான் கொண்டுவந்த அரிசிப் பைகளைக் காலி பண்ணி, அவற்றில் மணலை ரொப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, குழி தோண்டிப் புதைத்தோம். மணலில் ஆணியை நம்பாதீர்கள். மணலை மணலால்தான் பிடிக்க முடியும். கொடிக்கு மேலே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டென்ட் கம்மென்று உட்கார்ந்தது.

"இப்பதாங்க வூடு மாரி கீது" என்றார் ஏழுமலை.

வெளியே, டென்ட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, மூன்று பக்கம் சூட்கேஸை மறைப்பாக வைத்துப் பால் காய்ச்சினோம். பொங்கியது. சாப்பாட்டுக்குப் புளியோதரை. சாம்பார் கொண்டுபோகாதீர்கள், மணல் விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வாழை இலையும் வேண்டாம், காற்றில் இலை பறக்கும், சோறு மடியில் இருக்கும். கை கழுவப் போகும்போது பார்த்தோம்... டென்ட் முதலில் நின்ற இடத்தில் அலை வந்து நுரையை விட்டுவிட்டுப் போனது. வித்யாவின் அப்பாவும் பார்த்தார்.

காலையில் எல்லாம் பனியில் நனைந்திருந்தது. தார்ப்பாயில் படுத்தவர்களின் போர்வையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். வித்யா ஈரப் போர்வையை உதறிக்கொண்டே, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "அடுத்த தடவை நம்ம இன்னொரு தார்ப்பாய் எடுத்துட்டு வரணும். மேலயும் கட்டிக்கலாம்" என்றாள்.

அடுத்த தடவை. கார்த்திக் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணல் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

எதிர் ஃபிளாட் தம்பதி இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? பாதியிலேயே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். டென்ட்டைக் கையில் கொடுத்து, மூன்றே விஷயம் சொல்லி அனுப்பினேன். கொடிக்கு மேலே போடுங்கள். உள்ளே அடுப்பு கூடாது. பௌர்ணமியோ அமாவாசையோ, அந்தக் கடலில் குளிக்க இறங்காதீர்கள். போட்ட குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள் என்று மாடிப்படியில் நின்று கத்தினேன், அது நாலாவது.

சாயங்காலம் வித்யாவின் அப்பா போனில் வந்தார், பேத்தியைப் பற்றிப் பேச. பேச்சுவாக்கில், டென்ட்டை இரவல் கொடுத்திருப்பதைச் சொன்னேன். மனிதர் உடனே சீரியஸ் ஆகிவிட்டார்.

"வாசலை மேற்க வைக்கச் சொன்னியாம்மா? மறந்துடப் போறாங்க. கடலோரத்துக்கு வாஸ்துப்படி அதுதான் சரி."